எண்பத்தேழுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில் ஒரு வீடு

அத்தியாயம் பதினொன்று

"ஞாயிறு வருகிறோம், காப்பிக்கு." எக்பெர்ட் சொல்லியனுப்பிய இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சிக்ரூன் அந்த வாரம் முழுக்க அடுப்படிப் பாத்திரங்களைப் படுத்திய பாட்டில், ஒரு வாணலிக்குக் கைப்பிடியே கழன்றுவிட்டது. நடுவில் ஊருக்குப் போயிருந்தவர்களுக்கும், வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டவர்களுக்கும் சேர்த்து விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிரேன்பாக் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ட்ராய்ட்லர், வீட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதியாக விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். மூத்தவன் எக்பெர்ட் ஐம்பத்தொன்பதாம் வருஷம் மேற்கு ஜெர்மனிக்கு ஓடினான். அவன் பாதியைக் கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இளையவன் லோத்தர், எங்கள் ஊரின் பல் டாக்டர், மனைவி சிக்ரூனோடு முழு வீட்டிலும் குடியிருந்தான்.

இப்போது சுவர் விழுந்து இரண்டு நாடும் ஒரே நாடாகிவிட்டது. சட்டமும் மாறிவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் குளியலறைத் தொட்டி விற்றுக் கொழுத்த எக்பெர்ட், "என் பாதி எனக்கு" என்று கேட்டிருக்கிறான். எந்தப் பாதி? மேல்பாதி. மாடி.

மாடியில்தான் லோத்தரின் ஊர் இருக்கிறது.

கிரேன்பாக் ரயில் நிலையம், அதைச் சுற்றித் தெருக்கள், வீடுகள், தேவாலயக் கோபுரம் எல்லாம் நிஜத்தில் நூற்றிருபதில் ஒரு பங்காக. கல்யாணமான வருஷம் தொடங்கியவன் இன்னும் முடிக்கவில்லை. ஊரில் யாராவது ஜன்னலுக்குப் பச்சை வர்ணம் அடித்தால் மறுநாள் மாடியிலும் அந்த ஜன்னல் பச்சை. கசாப்புக்கடைக்காரர் மீசையை எடுத்த அன்றே மாடியில் நின்றவருக்கும் மீசை போய்விட்டது. மேயரிடம் மனு கொடுப்பதைவிட லோத்தரின் மாடியில் ஒரு தெருவிளக்கை நட்டுவிட்டால் நிஜத்தில் சீக்கிரம் எரியும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு.

அந்த ஊரைக் காலி செய்யச் சொல்லத்தான் அண்ணன் வருகிறான்.

*

ஞாயிறு மத்தியானம் எக்பெர்ட்டின் கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. அதன் மூக்கு ட்ராய்ட்லர் வீட்டு வாசலில் நின்றபோது வால் இன்னும் பவேரியாவைத் தாண்டவில்லை. அவ்வளவு நீளம்.

முதலில் அவன் மனைவி ரோஸ்விதா இறங்கினாள். அவள் போட்டிருந்த கோட்டுக்கு எத்தனை நரி செத்திருக்கும் என்று எண்ணத் தொடங்கிய எதிர்வீட்டார், காலர் வருவதற்குள் கணக்கை விட்டுவிட்டார்கள். அவள் கையில் காப்பித்தூள் பொட்டலமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன.

"உங்களுக்குக் கிடைக்காதேன்னு வாங்கிட்டு வந்தோம்" என்றாள்.

"போன வருஷத்துலேர்ந்தே கடையில தொங்குது, ரோஸ்விதா. பரவாயில்ல, வச்சிட்டுப் போ. கோழிக்குப் போடலாம்" என்றாள் சிக்ரூன்.

எக்பெர்ட் கையில் இரண்டு பெட்டியோடு வந்தான். ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை மடித்து வைக்கலாம்.

"காப்பி குடிக்க வந்தியா, குடியேற வந்தியா அண்ணே?" என்று லோத்தர் கேட்டான்.

"ரெண்டுக்கும்தான், தம்பி."

மேசையில் கிறிஸ்துமஸ் பண்டிகை வளையத்தில் இரண்டு மெழுகுவத்தி எரிந்தது. சீனி தூவிய ஷ்டோலன் ரொட்டி வெட்டி வைத்திருந்தது. மூலையில் மரத்தாலான குள்ளன் ஒருவன் வாயால் சாம்பிராணிப் புகை விட்டுக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அன்று மரியாதையாகப் புகைந்தவன் அவன் ஒருவன்தான்.

எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்குள் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் 'நீ'தான். சிக்ரூன் கெண்டியைச் சாய்த்தபடி எக்பெர்ட்டிடம், "சர்க்கரை போடுவீங்களா?" என்றாள்.

கணவனின் அண்ணனைப் போய் 'நீங்க' என்பது, காப்பியை அவன் மடியில் ஊற்றுவதற்கு ஒரு படிதான் கீழே.

"என்ன சிக்ரூன், மரியாதை தடபுடலா இருக்கு."

"வீட்டுக்காரர் வந்திருக்கீங்க. குடியிருக்கறவங்க பாத்துத்தான பேசணும்."

ரோஸ்விதா ஷ்டோலனை ஒரு கடி கடித்துவிட்டு, "எங்க ஊர்ல இதுல வெண்ணெய் போடுவாங்க" என்றாள்.

"இதுலயும் போட்டிருக்கு. நாக்கு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

எக்பெர்ட் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "மாடியைப் பாத்துடலாம்" என்றான். இதற்கு முன் இரண்டு தடவை வந்தபோதும் லோத்தர் அவனைப் படியேறச் சொல்லவில்லை. இந்தத் தடவை அவன் யாரும் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை.

*

போர் முடிந்ததும் அந்த மாடியில் பலகை அடித்துத் தடுத்து, சைலீஷியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். எக்பெர்ட் ஊரைவிட்டு ஓடியபோதும் அவர்கள் இருந்தார்கள். ஆகவே அந்த மாடியை அவன் கடைசியாக முழுசாகப் பார்த்தது எட்டு வயசில். அவன் மனசில் அது கால்பந்து மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

படியேறி வந்தவன் வாசலில் நின்றான். லோத்தர் விளக்கைப் போட்டான். கிரேன்பாக் முழுசிலும் விளக்கு எரிந்தது. அப்பா நின்று கொடி காட்டும் இடத்தில் சிவப்புத் தொப்பியோடு கொசு அளவுக்கு ஒருவர் நின்றார்.

எக்பெர்ட் குனிந்து அவரைப் பார்த்தான். பிறகு, "சின்னதா இருக்கு" என்றான்.

"எது?"

"எல்லாம்தான். நாடு எப்படியோ வண்டி அப்படி. சின்னக் கார், சின்ன வீடு, அதுக்குத் தகுந்த சின்ன ரயில்."

"இதெல்லாம் ஓடற பொம்மையா?" என்று ரோஸ்விதா குனிந்தாள்.

பொம்மை என்ற சொல்லைக் கேட்டதும் லோத்தரின் காது சிவந்தது. மயக்க ஊசி போடாமல் பல் பிடுங்குவான் என்று ஊரில் அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்த நேரம் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பியிருப்பார்கள்.

எக்பெர்ட் கூடவே தூக்கி வந்திருந்த பெட்டியைத் திறந்தான். பட்டுத்துணியில் சுற்றிய வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து லோத்தரின் பலகை ஓரத்தில் அடுக்கினான். மேற்கு ஜெர்மன் எக்ஸ்பிரஸ் பெட்டி ஒன்று. இங்கிலீஷ் நீராவி எஞ்சின் ஒன்று. ஜப்பான் வண்டிகள் இரண்டு.

மேற்கு ஜெர்மன் பெட்டி லோத்தரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, கன்றுக்குட்டியை மோப்பம் பிடிக்க வந்த யானை மாதிரி இருந்தது.

"லண்டன்ல ஒண்ணு வாங்கினேன். ஓசாகாவுல ரெண்டு. எல்லாம் நேர்ல போய். நீ எங்கடா போனே?"

"பல்கேரியா" என்றான் லோத்தர்.

"ரெண்டு தடவை" என்று சிக்ரூன் சேர்த்தாள்.

லோத்தர் சட்டைப் பையிலிருந்து பல் அளக்கும் காலிப்பரை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதோடுதான் இருப்பான்.

"நிஜத்துல இந்தப் பெட்டி எவ்வளவு நீளம் அண்ணே?"

"இருபத்தாறு மீட்டர் நாப்பது."

"உன் அளவு என்ன?"

"எண்பத்தேழுல ஒண்ணு. உலகமே அதுல ஓட்டுது."

"அப்ப எவ்வளவு இருக்கணும்?"

"முந்நூத்தி மூணு மில்லிமீட்டர்." எக்பெர்ட்டின் குரல் இறங்கியது. அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

லோத்தர் பெட்டியின் இரண்டு முனையையும் குறித்து அளந்தான். "இருநூத்தி அறுபத்து நாலு. ரெண்டு விரல்கடை காணோம். உசரம் எண்பத்தேழு, அகலம் எண்பத்தேழு, நீளம் மட்டும் நூறுல ஒண்ணு. ஒரு அறையையே முழுங்கியிருக்காங்க. அதுக்கு டிக்கெட் எடுத்தவன் எங்க உக்காருவான், கூரை மேலயா?"

"வளைவுல திரும்ப வேணாமா? எல்லாரும் அப்படித்தான் குறைக்கறாங்க."

"நான் குறைக்கல. இது என் கையால செஞ்ச பெட்டி. இருநூத்தி இருபது. நூத்தி இருபதால பெருக்கிப் பாரு, ஒரு முழம் கூடக் குறையாது."

அடுத்து இங்கிலீஷ் எஞ்சினைத் தூக்கினான். படத்தில் மட்டுமே பார்த்த வண்டி. ஒரு நொடி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஆசையாகத்தான் பார்த்தான். ஆனால் அன்றைக்கு ஆசைக்கு நேரம் இல்லை.

"இது என்ன அளவு தெரியுமா ரோஸ்விதா? உடம்பு எழுபத்தாறுல ஒண்ணு. தண்டவாளம் எண்பத்தேழுல ஒண்ணு."

"அது எப்படி?" ரோஸ்விதா அன்று முதல் தடவையாக எதிலோ அக்கறை காட்டினாள்.

"அவங்க ஊர் எஞ்சின் ஒல்லி. அந்தக் காலத்து மோட்டார் உள்ள கொள்ளல. அதனால உடம்பை மட்டும் பெருக்கிட்டாங்க. தண்டவாளத்தைப் பழையபடியே விட்டுட்டாங்க. தொந்தி வளந்துபோச்சு, பழைய பேண்ட்டை விட மனசில்ல. அண்ணனைப் பாத்தா உனக்கே புரியும்."

ரோஸ்விதா சிரித்துவிட்டாள். எக்பெர்ட் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினாள்.

"இந்த ஜப்பான்காரங்க கதை வேற. இந்தப் புல்லட் ரயில் நூத்தி அறுபதுல ஒண்ணு. பக்கத்துல நிக்கற சாதாரண ரயில் நூத்தி ஐம்பதுல ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே தண்டவாளம். நிஜத்துல இந்தச் சாதாரண ரயில் போற பாதை குறுகல். இங்க பாரு, காலை அகட்டிட்டு நிக்குது. இங்கிலீஷ்காரன் ஒடுங்கி நிக்கறான், இவன் அகட்டி நிக்கறான், நீ நீளத்தைத் திருடிட்டு நிக்கறே. உலகம் சுத்தி வந்து இந்தப் பெட்டியில பொய்யா ரொப்பிட்டு வந்திருக்கே."

லோத்தர் காலிப்பரை மூடினான். வாழ்நாளில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவனிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்தபடி இருப்பதால் குறுக்கே பேசவும் மாட்டார்கள், பாராட்டவும் மாட்டார்கள்.

எக்பெர்ட்டின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நான் ஏன் குறைச்சேன் தெரியுமா? ஸ்டுட்கார்ட் நிலவறையில இடம் இல்ல. அதனால குறைச்சேன்."

"துணி காயப்போடக் கூட இடம் விடல" என்றாள் ரோஸ்விதா. "முட்டி போட்டுத்தான் உள்ள போகணும். இங்க கொண்டாந்து எல்லாத்தையும் கொட்டிட்டா எனக்கு நிலவறையாவது மிஞ்சும்."

"இனிமே குறைக்க மாட்டேன்" என்றான் எக்பெர்ட். "முழு நீளப் பெட்டியா வாங்கியாச்சு. கிரேன்பாக் ஸ்டேஷனை எண்பத்தேழுல நான் கட்டறேன். தெற்கு சிக்னல்லேர்ந்து வடக்கு சிக்னல் வரைக்கும், ஒரு அங்குலம் விடாம. அப்பாவோட ஸ்டேஷன் அது. மூத்தவன் நான். நீ இந்தக் கொசுக்கூட்டைக் கழட்டு. பிப்ரவரியில என் ஆளுங்க வருவாங்க."

லோத்தரின் கை, தானாகவே, சிவப்புத் தொப்பிக்காரருக்கு மேல் குடை மாதிரி விரிந்தது. சட்டம் அண்ணன் பக்கம். காலிப்பரால் சட்டத்தை அளக்க முடியாது.

அப்போது சிக்ரூன் வாயைத் திறந்தாள்.

"அளந்து பாத்தீங்களா?"

"எதை?"

"மாடியை. வண்டியெல்லாம் அளந்தாச்சு. வண்டி நிக்கற இடத்தை யாரும் அளக்கலையே."

"பன்னெண்டு மீட்டர். எனக்குத் தெரியாதா? நான் ஓடி விளையாடின மாடி."

"அப்ப அளக்கறதுல நஷ்டம் இல்லையே" என்று சொல்லி, தச்சு வேலைக்கு வைத்திருக்கும் டேப்பை அவன் முன்னால் நீட்டினாள். அவள் முகத்தில் அப்போது இருந்த பணிவைப் பார்த்திருந்தால் பாதிரியாரே பயந்திருப்பார்.

சிக்னலுக்கும் சிக்னலுக்கும் நடுவே தொள்ளாயிரம் மீட்டர். ஸ்டேஷன் மாஸ்டரின் பிள்ளைகள் இருவருக்கும் அது மனப்பாடம். எண்பத்தேழால் வகுத்தால் பத்து மீட்டருக்கும் மேல். நூற்றிருபதால் வகுத்தால் ஏழரை.

எக்பெர்ட் டேப்பின் நுனியை ஒரு சுவரில் வைத்து ரோஸ்விதாவைப் பிடிக்கச் சொன்னான். பலகைக்கு அடியில் முட்டிபோட்டு ஊர்ந்தான். அவன் தலைக்கு மேல் ஒரு சரக்கு வண்டி அலட்சியமாகப் போயிற்று. அடுத்த சுவரில் முட்டினான். படித்தான். திரும்பவும் படித்தான்.

"எவ்வளவு?" என்றாள் சிக்ரூன்.

அவன் அந்த எண்ணிலேயே கட்டைவிரலை வைத்தான். ரோஸ்விதாதான் அந்தப் பக்கம் வந்து குனிந்து பார்த்து, "எட்டு மீட்டர் நாப்பது" என்றாள். "எக்பெர்ட், உன் ஸ்டேஷன் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள்ள போயிடும் போலிருக்கே."

சுவரை அடித்தால் மாடி வளரும் என்று நினைத்தவன் போல எக்பெர்ட் சுவரில் கையால் தட்டினான். அது எட்டு நாற்பதிலேயே நின்றது. எண்பத்தேழுக்கு அந்த மாடியில் இடம் இல்லை. நூற்றிருபதுக்கு இருந்தது.

சிக்ரூன் கையைக் கட்டிக்கொண்டாள். "பாவம். பெட்டியைக் குறைச்சுப் பழக்கம்தான. ஸ்டேஷனையும் குறைச்சுக்குங்க."

லோத்தர் மனைவியைப் பார்த்தான். அந்த வீட்டில் அவள் இவ்வளவு அழகாக அவன் கண்ணுக்குத் தெரிந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

*

எக்பெர்ட் படியிறங்கினான். தோற்றவன் இறங்குகிற மாதிரி இல்லை. டேப் அவன் கையிலேயே இருந்தது.

கீழே வந்து முன்னறையின் நடுவில் நின்றான். தெருப்பக்க ஜன்னலைப் பார்த்தான். திரும்பி, திறந்திருந்த அடுப்படிக் கதவு வழியாக உள்ளே பார்த்தான். அதற்குப் பின்னால் துணி துவைக்கும் அறை, அதற்கும் பின்னால் கரி போடும் கொட்டகை. சிக்ரூனும் லோத்தரும் கல்யாணமான புதிதில் செங்கல் சுமந்து சேர்த்துக் கட்டிய பகுதி. எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில்.

"ரோஸ்விதா, நுனியைப் பிடி" என்றான்.

டேப் முன்னறையைக் கடந்தது. அடுப்படிக்குள் நுழைந்தது. வாத்து வெந்துகொண்டிருந்த அடுப்பின் கால்மாட்டை உரசிக்கொண்டு, உருளைக்கிழங்குக் கூடையைத் தள்ளிக்கொண்டு, துவைக்கும் அறை வழியாகக் கரிக்கொட்டகைக்குள் போயிற்று. நரி ரோமக் கோட்டோடு ரோஸ்விதா ஒரு முனையில். கரித்தூளில் முட்டிபோட்டு எக்பெர்ட் மறுமுனையில்.

"பதினொண்ணு இருபது" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

முழங்கால் கறுத்து எழுந்து வந்தான். "நடுச்சுவர் மூணையும் எடுத்துட்டா தாராளமாப் பொருந்தும். எனக்குக் கீழ்ப்பாதி. நீங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போயிடுங்க."

"இது என் அடுப்படி" என்றாள் சிக்ரூன். பணிவு, 'நீங்க' எல்லாம் போய்விட்டது. "அந்தச் செங்கல்ல பாதி நான் சுமந்தது. உனக்கு எதுடா பாதி இதுல?"

"பாதின்னா பாதி. எந்தப் பாதின்னு சட்டம் சொல்லல. அளக்கச் சொன்னது நீதான, சிக்ரூன்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் பேசுவதற்காகக் காத்திருந்தாள். மாடியில் அத்தனை நாட்டு வண்டியையும் மடக்கியவன், இதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பான் என்று நம்பினாள்.

லோத்தர் தொண்டையைச் செருமினான்.

"அப்ப மாடியை நீ தொட மாட்டேதான அண்ணே?"

ரோஸ்விதா கூட டேப்பின் நுனியைக் கீழே விட்டுவிட்டாள். அது சரசரவென்று சுருண்டு எக்பெர்ட்டின் கைக்குள் போயிற்று.

"சொல்லு. மாடி இப்படியே இருக்கும்னு எழுதிக் கொடுப்பியா?" லோத்தர் கேட்டுவிட்டுத்தான் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "இல்ல சிக்ரூன், நான் என்ன சொல்றேன்னா... மேலயும் ஒரு அடுப்பு வச்சுக்கலாமே. ஓரமா. வடக்கு சிக்னலுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு."

சிக்ரூன் அடுப்பை அணைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். அந்தத் துணியை மடித்து ஆணியில் மாட்டினாள்.

"மாடி உனக்கு. அடுப்படி அவனுக்கு" என்றாள். "எனக்கு எதுன்னு ரெண்டு பேருல ஒருத்தனும் அளக்கலையே."

அவள் படியேறிப் போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடிக் கதவு மூடியது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

லோத்தர் படிக்குத் தாவினான். "சிக்ரூன். கதவைத் திற. பேசலாம்."

அவன் இரண்டு படி ஏறினான்.

"உள்ள எதையும் தொடாதே, சிக்ரூன். தெற்குப் பக்கம் பசை இன்னும் காயல."

மேலே ஜன்னலின் இரண்டு கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஏதோ மிகக் கனமான ஒன்று பலகைத்தரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலை நோக்கி இழுபடும் சத்தம்.